எலோயின் ரொட்டி ஏணி

செத்தவனுக்குப் பசிக்குமா என்று கேட்கிறவர்களோடு நிகாசியா பேச்சு வைத்துக்கொள்வதில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு நாளைக்கு நான்கு வேளை பசித்தவனுக்கு, செத்த பிறகு மட்டும் பசி எங்கே போகும்? பொலிவியா மலைமேல், ஒரூரோ நகரில் அவள் தெருவில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. நவம்பர் முதல் தேதி பகலில், கடிகாரத்தின் இரண்டு முள்ளும் உச்சியில் ஒன்றின்மேல் ஒன்று படுக்கிற நேரத்தில் செத்தவர்கள் இறங்கி வருவார்கள். மறுநாள் நடுப்பகல் வரை இருப்பார்கள். வரும்போது படையல் தயாராக இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் வேண்டிக்கொண்டு அதிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். அவர்கள் வாய் வழியாகத்தான் வந்தவர் வயிறு நிறையும். படையல் இல்லை என்றால் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போய்விடுவார். அப்புறம் ஒரு வருஷம் பட்டினி. அதிலும் முதல் வருஷம்தான் முக்கியம். புதிதாகச் செத்தவருக்கு வழியும் தெரியாது, பொறுமையும் இருக்காது.

எலோய்க்கு இது முதல் வருஷம்.

நிகாசியாவுக்கு அவன் ஒரே மகன். ஜனவரி மாதம் சிலி நாட்டில், இகீகே நகரத்துக்கு மேலே இருக்கிற மேட்டு ஊரில், சாலையைக் கடக்கும்போது லாரி மோதிச் செத்தான். சேதி கிடைத்த அன்றே நிகாசியா பேருந்து ஏறினாள். ஆனால் பொலிவியாவில் சாவுக்குப் போவதென்றாலும் மறியல்காரர்கள் வழிவிட வேண்டும். எல்லைக்கு முன்னால் கல்லையும் டயரையும் போட்டுச் சாலையை அடைத்திருந்தார்கள். அவள் கெஞ்சினாள். பிறகு அவர்கள் அம்மா, பாட்டி எல்லோரையும் இழுத்துத் திட்டினாள். ஒரு டயர்கூட நகரவில்லை. பிணத்தை அதற்கு மேல் வைத்திருக்க முடியாதென்று மருமகள் அங்கே புதைத்துவிட்டாள். நிகாசியா வந்த வழியே திரும்பினாள். பெற்றவள் ஒரு பிடி மண் போடவில்லை.

அவள் வாழ்க்கையில் எதுவும் கேட்ட நேரத்துக்குக் கிடைத்ததில்லை. புருஷன் தகரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். சுரங்கத் தூசி நுரையீரலில் ஏறி, எலோய்க்கு மீசை முளைப்பதற்கு முன்பே போய்விட்டான். அவன் விட்டுப்போனது தினமும் சாவி கொடுக்க வேண்டிய ஒரு கைக்கடிகாரம், நிறைய இருமல் மருந்துப் புட்டி. புட்டிகளைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் துணி துவைத்தாள், மற்றவர்கள் வீட்டுச் சமையலறையில் நின்றாள், பையனை வளர்த்தாள். வளர்ந்தவன் கடலோரம் கூலி அதிகம் என்று போனான். போனவன் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மார்லேன் என்று பெயர். புகைப்படத்தில் பார்த்தபோது, "உதட்டை இப்படி இறுக்கி வெச்சிருக்காளே, சிரிச்சா காசு கேப்பாங்களா?" என்றாள் நிகாசியா. அத்தோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். "சாப்பிட உக்காரப் போறேம்மா" என்றுதான் எடுத்தவுடன் சொல்வான். வருஷத்தில் பாதி நாள் சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவான். அவளும் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். மற்ற மாதங்களில் அவசரக்காரனைப்போல் முன்கூட்டியே கூப்பிட்டுவிடுவான். அவள் அப்போதுதான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள்.

"இப்பவே என்னடா சாப்பாடு? பதினோரு மணிக்கு ஆட்டுக்குக்கூடப் பசிக்காதுடா."

"இங்க எல்லாம் அப்படித்தாம்மா," என்று சிரிப்பான்.

பொண்டாட்டி காலையில் ஒன்றும் போடுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அக்டோபர் கடைசியில் தெருப்பெண்கள் எல்லோரும் ரொட்டிக்கடை அடுப்பை முறைவைத்து எடுத்தார்கள். நிகாசியாவும் மாவைத் தூக்கிக்கொண்டு போனாள். சின்ன ரொட்டிகள் ஒரு கூடை. முழங்கை நீளத்துக்கு ஒரு மனித ரொட்டி, அதுதான் எலோய். அவன் இறங்கிவர ரொட்டியிலேயே ஓர் ஏணி. மனித ரொட்டியில் பதிக்கச் சந்தையில் சின்னச் சின்னச் சுண்ணாம்பு முகங்கள் விற்பார்கள். மெல்லிய மீசை வைத்த முகம் கிடைக்கவில்லை. தாடிக்காரன் ஒருவனை வாங்கிவந்து, தாடியைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தாள். முகவாய் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. பரவாயில்லை, சவரம் செய்யும்போது எலோயும் அப்படித்தான் வெட்டிக்கொள்வான்.

"நிகாசியாக்கா, அடுத்த தேசத்துக்கு இத்தனையும் தூக்கிட்டா போறீங்க? எல்லையில பிடுங்கிக்குவாங்க," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பிடுங்கட்டும் பாக்கறேன். நான் என்ன கள்ளக்கடத்தலா பண்றேன்? எம் புள்ளைக்குச் சோறு எடுத்துட்டுப் போறேன்."

பிடுங்கினார்கள்.

எல்லையில் காலைக் குளிர் காதை அறுத்தது. எல்லோரையும் இறக்கி, மூட்டைகளை நீள மேசையில் அவிழ்க்கச் சொன்னார்கள். சிலிக்காரப் பெண் ஒருத்தி கையுறை போட்டுக்கொண்டு நிகாசியாவின் மூட்டைக்கு முன்னால் நின்றாள். வயது முப்பதுகூட இருக்காது. தூங்கி எழுந்த முகம்.

"இது என்னம்மா?"

"கண்ணு தெரியலையா? கரும்பு."

"எதுக்கு?"

"வர்றவன் ஊன்றிக்க. வெங்காயத் தாளு அவன் தண்ணி உறிஞ்சிக் குடிக்க. அது உப்புக்கண்டம், எங்க மலையில மேயற லாமாவோட கறி. அது கோக்கா இலை, களைப்புக்கு மெல்ல. வேற என்ன வேணும்?"

"பழம், கிழங்கு, இலை, கறி எதுவும் உள்ள வரக்கூடாதும்மா. பூச்சி வந்துரும்."

"இதெல்லாம் எனக்கில்ல தாயி. செத்தவனுக்கு."

"செத்தவங்களுக்கும் அதே சட்டந்தான்."

"எங்க ஊர்க் கரும்புல பூச்சின்னா, எங்க ஊர் ஆம்பளைங்க மட்டும் உங்களுக்குச் செவுரு கட்ட எப்படி ஆவறாங்க? அவனுங்க மேல பூச்சி இல்லையா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கரும்பை இரண்டாக ஒடித்துத் தொட்டியில் போட்டாள். வெங்காயத் தாள் போனது. உப்புக்கண்டம் போனது. பனியில் காயவைத்து, காலால் மிதித்து, அவள் கையாலேயே தோல் நீக்கிய கறுப்பு உருளைக்கிழங்கு ஒரு பை நிறைய இருந்தது. அதுவும் போனது. அவன் கேட்டுக் கேட்டுத் தின்ற கிழங்கு.

அந்த நேரத்தில் ஓட்டுநர் பேருந்துப் படியில் நின்று கையைத் தட்டி ஏதோ கத்தினான். சிலர் மணிக்கட்டைத் தொட்டுத் திருகினார்கள். நிகாசியாவுக்கு அதைக் கவனிக்க எங்கே நேரம்? அந்தப் பெண் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து மனித ரொட்டியின் வயிற்றில் சொருகிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! என்ன பண்ற?"

"உள்ள எதாவது இருக்கான்னு பாக்கணும்மா. ரொட்டியில ஒளிச்சுக் கொண்டு வர்றாங்க."

கம்பி முதுகு வழியாக வெளியே வந்தது. அந்தப் பெண் அதை முகர்ந்து பார்த்துத் துடைத்தாள். "ரொட்டியை எடுத்துக்கங்க," என்றாள். பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஏணிய நான் குத்தல," என்றாள்.

நன்றி சொல்லவா வேண்டும்? நிகாசியா ரொட்டிகளை மட்டும் சால்வையில் கட்டிக்கொண்டு ஏறினாள். ஏறியதும் பக்கத்து இருக்கையில், பழைய துணி வியாபாரத்துக்குப் போகும் தியோடோரா, "கரும்பு அங்கயே வாங்கிக்கலாமே அக்கா," என்றாள்.

"அங்க கரும்பு வெளையுதா?"

"அங்க மணல்தான் வெளையுது," என்று சொல்லிவிட்டுத் தியோடோரா தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிப்போனாள்.

உண்மைதான். பேருந்து இறங்க இறங்க ஒரு புல் இல்லை, ஒரு பூச்சி இல்லை. இந்த மண்ணுக்கா நம் கரும்பால் கேடு வரப்போகிறது என்று நினைத்தாள். காது அடைத்தது. மூச்சு மட்டும் சுலபமாகிக்கொண்டே வந்தது. பிறந்ததிலிருந்து மலைமேல் இருந்தவளுக்கு அதுவே பயமாக இருந்தது. வானம் முழுக்கக் கடல்மூட்டம், அழுக்குப் போர்வைபோல. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. அவளுடைய பட்டன் கைபேசி எல்லையைத் தாண்டியதும் செத்துப்போயிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மேட்டு ஊர் முனையில் இறங்கியபோது பதினொன்றரைகூட ஆகவில்லை. அப்பாடா என்றிருந்தது. சாலை மறியல் இல்லை. இந்தமுறை நேரத்துக்கு வந்துவிட்டாள்.

மார்லேன் சாலையோரம் நின்றுகொண்டிருந்தாள். புகைப்படத்தில் பார்த்த அதே இறுக்கின உதடு. நீளப் பாவாடை, முடியை வெட்டாமல் பின்னித் தொங்கவிட்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுக் குழந்தை, அழுது ஓய்ந்த மூக்கோடு. அபிகாயில். எலோயின் நெற்றி.

"ரொம்ப நேரமா நிக்கறோம் அத்தை," என்றாள் மார்லேன்.

"நாந்தான் சீக்கிரமே வந்துட்டேனே. உன்ன யாரு முன்னாடியே வந்து நிக்கச் சொன்னது?"

மார்லேன் ஒரு மாதிரி பார்த்தாள். வாயாடி மாமியார் என்று எலோய் சொல்லியிருப்பான். அது சரிதான் என்று நினைத்திருப்பாள்.

"வீட்டுக்கு வாங்க. சமைச்சு வெச்சிருக்கேன். குழந்தையும் பன்னெண்டு மணிலேருந்து பசின்னு ஒரே அழுகை."

நிகாசியாவின் காதில் பசி மட்டும்தான் விழுந்தது. பன்னிரண்டு விழவில்லை. "மொதல்ல இடுகாடு," என்றாள். "வீட்டுல படையல் போட விடமாட்டேன்னு போன்லயே சொல்லிட்ட. சரி, உன் வீடு, உன் சட்டம். அவன் குழி மேல போடறேன். அதுக்கு யார் சட்டமும் இல்ல."

"நான் கர்த்தரை ஏத்துக்கிட்டவ அத்தை. செத்தவங்களுக்குப் படைச்சதை நாங்க தொடக்கூடாது. அவருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுதான் கட்டினானா? பாவம்."

பங்கு டாக்சியில் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி போனார்கள். பலகையும் தகரமும் ஒட்டுப்போட்ட வீடுகள். மணலில் மலைமலையாகக் கொட்டிக்கிடந்த பழைய துணி. இந்தத் தெருவிலா நடந்தான், இந்தத் தூசியிலா துப்பினான் என்று நிகாசியா பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் சாலை வளைந்தபோது மார்லேன் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடம்தான் போலிருக்கிறது. நிகாசியா கேட்கவில்லை.

இடுகாட்டில் ஒரே கூட்டம். பூ, காகிதக் காற்றாடி, பலூன். குழிகளுக்கு மேலே ஆயிரக்கணக்கில் காற்றாடிகள் கிறுகிறுவென்று சுற்றின. வாசலில் பரங்கிக்காய் வடை பொரித்துக்கொண்டிருந்தார்கள். நிகாசியா ஆரஞ்சுச் சோடா ஒன்று வாங்கினாள். எலோய்க்குச் சின்ன வயதிலிருந்து அதில் உயிர். கரும்பு கேட்டாள். வடைக்காரி, "கரும்பா? சர்க்கரைப் பாக்கெட்டு வேணா இருக்கு," என்று சிரித்தாள்.

எலோயின் குழி மேல் ஒரு மரச்சிலுவை, பிளாஸ்டிக் பூ, சிவப்புக் காற்றாடி. சுற்றிலும் கல் அடுக்கிச் சுத்தமாக வைத்திருந்தாள் மார்லேன். அதைக் குறை சொல்ல முடியவில்லை. நிகாசியா மணலில் முட்டி போட்டாள். ஒரு பிடி அள்ளினாள். ஜனவரியில் போட வேண்டிய மண். எங்கே போடுவது என்று தெரியாமல் அங்கேயே திரும்பத் தூவினாள்.

அழுவதற்கு நேரமில்லை. சால்வையை விரித்தாள். தலைமாட்டில் ஏணியை நிறுத்தினாள். நடுவில் வயிற்றில் ஓட்டையோடு மனித ரொட்டி. ஓட்டையை ஒரு பூவால் மறைத்தாள். சுற்றிச் சின்ன ரொட்டிகள், சோடா, வெங்காயத் தாளுக்குப் பதில் ஒரு புட்டித் தண்ணீர். கரும்பில்லாமல் படையல் ஊன்றுகோல் இல்லாத கிழவன்போல் இருந்தது. இருக்கட்டும். மெழுகுவர்த்தி ஏற்றிக் கையால் காற்றை மறைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மார்லேன் நாலடி தள்ளி முதுகைக் காட்டி நின்றாள். குழந்தை ரொட்டியையே பார்த்தது.

"அம்மா, பசிக்குது."

"அது வேண்டாம் பாப்பா. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

பெரிய முள் ஏறிச் சின்ன முள்ளைத் தொட்டது. நிகாசியா எழுந்து நின்றாள். சத்தமாக, தெருவில் விளையாடுகிற பையனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில், "எலோய்! வாடா! அம்மா வந்திருக்கேன், சாப்பிட வா!" என்றாள்.

பக்கத்துக் குழிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு அடிச்சிருச்சு," என்று நிகாசியா மருமகளிடம் திரும்பினாள். "நீ வேண்டிக்க வேண்டாம். சும்மா வந்து நில்லு. அவன் உன்னையும் தேடுவான்."

மார்லேன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். "அத்தை, மணி ஒன்னாச்சு."

"உன் போன் கெட்டுப்போச்சு. இந்தக் கடியாரம் இத்தனை வருஷத்துல ஒரு நிமிஷம் தப்பினதில்ல."

"கடியாரம் தப்பல. அது உங்க ஊரு மணி. இங்க வெயில் காலத்துல ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சிருவாங்க. எல்லையில சொல்லியிருப்பாங்களே?"

நிகாசியா அப்படியே நின்றாள். பேருந்துப் படியில் கையைத் தட்டிய ஓட்டுநர். மணிக்கட்டைத் திருகினவர்கள். அதற்கும் முன்னால், ஞாயிற்றுக்கிழமைகள். உரித்தும் உரிக்காத கிழங்கு, காதில் எலோய். *சாப்பிட உக்காரப் போறேம்மா.* அவன் அவசரக்காரன் இல்லை. அவன் பன்னிரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறான், எப்போதும். இங்கத்துப் பன்னிரண்டு. பதினோரு மணிக்கு ஆட்டுக்குக்கூடப் பசிக்காது என்று இத்தனை வருஷம் அவள்தான் ஏசியிருக்கிறாள்.

இன்றைக்கும் அப்படித்தான் வந்திருப்பான். அவனுக்குப் பழகின பன்னிரண்டுக்கு. வந்து, இந்தக் கல்லுக்கு நடுவில் நின்று, பிளாஸ்டிக் பூவைப் பார்த்திருப்பான். ஊரெல்லாம் யார் யாரோ யாருக்கோ வந்திருக்க, அவனுக்கு ஒரு தட்டில்லை. அப்போது அவள் பேருந்தில் உட்கார்ந்து, நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டுப் போயிட்டான்," என்றாள். "புதைக்கறதுக்கும் நான் வரல. இதுக்கும் வரல. நானெல்லாம் ஒரு அம்மாவா?"

மார்லேன் கிட்டே வந்தாள். தொடவில்லை. "அவர் வரவும் இல்ல, போகவும் இல்ல அத்தை. பசியோட நிக்கவும் இல்ல. அதுதான் என் நம்பிக்கை."

"உன் நம்பிக்கைய நீயே வெச்சுக்க."

குழந்தை மெல்ல விசும்ப ஆரம்பித்தது. மார்லேன் குழந்தையைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நேரம் தாண்டிருச்சுன்னா... இது படையல் இல்லதானே? வெறும் ரொட்டிதானே?"

நிகாசியா நிமிர்ந்தாள். என்ன கேட்கிறாள் என்று ஒரு நொடியில் புரிந்தது. வாயில் வந்த கெட்ட வார்த்தையை அப்படியே நிறுத்தினாள். இது படையல்தான் என்று சொன்னால் எலோயின் குழந்தை இதைத் தொடாது. அவன் குழந்தை தின்னாத படையல் அவன் வயிற்றை நிறைக்காது. வெறும் ரொட்டி என்று சொன்னால், மலைமேலிருந்து சுமந்துவந்தது எல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் வாயாலேயே சொன்னதாகும். அதுவும் அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு.

குழந்தை மூக்கை உறிஞ்சியது. எலோயின் நெற்றி.

"ஆமா," என்றாள் நிகாசியா. "வெறும் ரொட்டிதான். கோதுமை மாவு, முட்டை, கொஞ்சம் சோம்பு. சாப்பிடட்டும்."

மனித ரொட்டியை எடுத்துக் கொடுக்கப்போனாள். குழந்தை அதைத் தள்ளிவிட்டு ஏணியைப் பிடித்தது. ஒரு படியை ஒடித்து வாயில் வைத்தது. அப்புறம் அடுத்த படி. சோடாவையும் கேட்டது. இரண்டு கன்னமும் உப்ப மென்றபடி மேலே பார்த்தது. அவனும் அப்படித்தான் மெல்லுவான், யாரோ பிடுங்கப்போகிறார்கள் என்பதுபோல.

நிகாசியா வாய்க்குள்ளேயே, உதடு அசையாமல், வேண்டிக்கொண்டாள். மார்லேன் பார்த்தாள். பார்க்காததுபோல் சிலுவையின் தூசியைத் துடைக்கப் போனாள்.

"ஏணி போச்சு," என்றாள் நிகாசியா சற்று நேரம் கழித்து. "நாளைக்கு மத்தியானம் திரும்பிப் போறப்ப எதுல ஏறுவான்?"

மார்லேன் சிலுவையை விட்டுத் திரும்பினாள். "வீட்டுல அடுப்பு இருக்கு. மாவும் இருக்கு. ராத்திரி நீங்க ரொட்டி சுட்டா நான் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

"உன் அடுப்பு அடி பிடிக்குமா?"

"இடது பக்கம் பிடிக்கும்."

"பாத்துக்கலாம்."

சால்வையை மடித்துக் கட்டினாள். மனித ரொட்டியைக் குழியின் மேலேயே விட்டாள். கிளம்பும் முன் மணிக்கட்டை மருமகளின் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புருஷன் கட்டியிருந்த நாள் முதல் யாரும் அந்த முள்ளை நகர்த்தியதில்லை. கடிகாரத்தின் சாவியை இழுத்துத் திருகினாள். பெரிய முள் ஒரு சுற்று முழுக்க, அவள் கண்ணெதிரே, ஓடி முடித்தது. அந்த ஒரு சுற்றுக்குள்தான் அவன் வந்து நின்றிருந்தான்.